பதினேழாம் நம்பர் வாளி

எண்பத்து நாலாம் ஆண்டு சித்திரை மாதம் எங்கள் தீவுக் கிராமமான இறுப்பிட்டிக்கு இருபது வாளிகள் விருந்தாளிகளாக வந்தன. மூன்று நாள் தங்கின. அந்த மூன்று நாளும் வீட்டுக்காரர் காய்ந்த பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியல் பிட்டைத் தின்றுகொண்டு வாளிகளுக்கு விளைமீன் குழம்பு வைத்துப் படைத்தார்கள். இதைச் சொன்னால் யாழ்ப்பாணப் பட்டணத்தில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக்கு வாளி வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் அப்போது அந்த ஊரின் சின்னத் தபாற்கந்தோரில் போஸ்ட்மாஸ்டர். கந்தோர் என் வீட்டு முன்னறைதான். பல்கலைக்கழக மருத்துவபீடத்திலிருந்து வந்த கடிதத்தை உடைத்து, சனசமூக நிலையத்தில் எல்லாருக்கும் உரத்து வாசித்தவன் நான்தான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பங்கு பாவம் உண்டு. தீவுப் பகுதிப் பெண்களுக்கு ஏன் இரத்தம் காணாமல் இருக்கிறது என்று ஆராயப் போகிறார்களாம். இருபது வீட்டில் ஒவ்வொரு பெண்ணாகத் தெரிந்தெடுப்பார்களாம். ஒத்துழைப்புத் தரவேண்டுமாம். ஒத்துழைப்பு என்றால் எங்கள் ஊருக்குச் சொல்லவா வேண்டும்!

அடுத்த கிழமை பஸ்ஸின் கூரையில் கயிறு போட்டுக் கட்டின வாளிகளோடு டொக்டர் ஞானசவுந்தரி வந்து இறங்கினாள். மெலிந்த பிள்ளை. முப்பது வயதுதான் இருக்கும். ஒரு கையில் குடை, மற்றக் கையில் இரத்தம் எடுக்கிற பெட்டி. வாளிகள் எல்லாம் மூடி போட்ட அலுமினிய வாளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ரில் நம்பர் எழுதியிருந்தது.

"நீங்கள் என்ன சாப்பிடுறியளோ, அதே சாப்பாட்டை அதே அளவு இந்த வாளிக்குள்ளையும் போடவேணும்" என்று அவள் விளக்கினாள். "நீங்கள் ஒரு பிடி பிட்டுத் திண்டால் வாளிக்கும் ஒரு பிடி. நீங்கள் பட்டினியெண்டால் வாளியும் பட்டினி. மூண்டு நாளும் பின்னேரம் நான் வந்து உள்ளை இருக்கிறதை எடுத்துக்கொண்டு போவன். அதை நிறுத்து, அரைச்சு, அதிலை எவ்வளவு இரும்புச்சத்து இருக்கெண்டு ஆய்வுகூடத்திலை பாப்பம். விளங்குதோ?"

"ஓம், ஓம்" என்றார்கள் இருபது பெண்களும்.

அந்தப் பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். ஒரு கேள்வியும் கேட்காமல் ஓம் என்று சொல்லுகிற ஊரை நம்பக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதில்லைப் போலும்.

பதினேழாம் நம்பர் வாளி என் வேலிக்கு அடுத்த வீட்டுக்குப் போனது. அது கடைக்காரர் வீடு. இலட்சுமிப்பிள்ளை அக்காவின் புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தவர். அவர் காலமானபிறகு மகன் மார்க்கண்டு நடத்தினான். போன ஆடிக் கலவரத்தில் கடையை எரித்துவிட்டார்கள். மார்க்கண்டு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கி, உடுத்த சாரத்தோடு வீட்டுப் படலையைத் திறந்தான். அன்றிலிருந்து தோட்டம் கொத்துகிறான், ஊராருக்கு வேலி அடைக்கிறான். அவன் மனைவி மனோகரிக்கு அப்போது ஐந்து மாதம். இரண்டு வருஷத்துக்கு முன் முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. அந்தப் பேற்றில் அவளுக்கு இரத்தம் போன போக்கைப் பார்த்து நாங்கள் அவளையும் இல்லையென்றே நினைத்தோம். இப்போது கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு தரம் இருந்து எழும்புவாள். நகமெல்லாம் வெள்ளை. மருத்துவிச்சி பிலோமினம்மா மாதம் தவறாமல் இரும்பு மாத்திரை கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. இந்த முறையாவது தாயும் பிள்ளையும் தப்பவேண்டும் என்று இலட்சுமியக்கா நயினாதீவு நாகம்மாளுக்கு நேர்த்தி வைத்திருந்தா.

வாளி வந்த அன்று பின்னேரம் அக்கா அதைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு விளக்கிக்கொண்டிருந்ததை நான் வேலிக்கு மேலால் பார்த்தேன்.

"என்னக்கா, புது வாளியைப் போட்டு இந்தப் பாடு படுத்திறியள்?"

"பல்கலைக்கழகத்துச் சாமான் தம்பி. எங்கை எங்கை போய் வந்ததோ."

"மாமி, நாளைக்கு இதுக்கு என்ன போடுறது?" என்று மனோகரி குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ பேசாமல் இரு."

"நான் தின்னிறதைத்தானே போடச் சொன்னவ?"

"ஓமடி பிள்ளை, உந்த ஒடியல் பிட்டையும் சம்பலையும் கொண்டுபோய் அங்கை பெரிய பெரிய புரொபெசர்மார் மேசையிலை கொட்டி, கண்ணாடி போட்டுப் பாக்கட்டும். கடைக்காரர் வீட்டுச் சாப்பாடு இதோ எண்டு கேக்கட்டும். உனக்கு வெக்கமில்லாட்டிலும் எனக்கு இருக்கு."

அடுத்த நாள் காலை மீன்கார அருளப்பு சைக்கிளில் எங்கள் ஒழுங்கை வழியே கூவிக்கொண்டு வந்தான். பத்து மாதமாக அந்தப் படலையில் அவன் மணி அடிப்பதில்லை. அன்றைக்கு அக்காவே கை தட்டிக் கூப்பிட்டா.

"விளைமீன் இருக்கோ?"

"இருக்கு அக்கா. என்ன, ஆரும் கொழும்பாலை வருகினமோ?"

"ஒருத்தருமில்லை. வாளிக்கு."

அருளப்பு ஒரு கணம் யோசித்தான். "அக்கா, இண்டைக்கு ஒழுங்கை முழுக்க வாளிக்குத்தான் மீன் போகுது. பன்ரண்டாம் நம்பருக்கு நண்டு. அஞ்சாம் நம்பருக்குக் கணவாய். உங்கடை வாளிக்குத் தலையோடை வெட்டவோ, தலை இல்லாமல் வெட்டவோ?"

"நடுத்துண்டு மட்டும் போதும். பகிடியை விட்டுட்டு வெட்டு."

ஒரு தேங்காய்க் குலையைக் கொடுத்து அக்கா அந்த மீனை வாங்கினா. அன்று மத்தியானம் அந்தக் குழம்பின் வாசம் வேலி தாண்டி என் மேசைக்கு வந்தது. தோட்டத்தால் வந்த மார்க்கண்டு கால் கழுவாமலே குசினி வாசலில் நின்றான்.

"அம்மா, என்ன விசேஷம்?"

"கையை எடு. அது வாளியின்ரை."

"வாளி மூண்டு துண்டும் தின்னுமோ? பாவம், வயித்துக்கை குத்தப்போகுது."

"வாளிக்கு ரண்டு. ஒண்டு மனோகரிக்கு. டொக்டர் பிள்ளைக்கு முழுப்பொய் சொல்லக்கூடாது."

மனோகரி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அந்த ஒரு துண்டையும் அவள் பாதியாக்கி மார்க்கண்டின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் பெண்கள் ஆம்பிளையளுக்குப் போட்டு, மாமிக்குப் போட்டு, கடைசியாகச் சட்டியை வழித்துத் தின்பவர்கள். சட்டியில் மிஞ்சுவது எதுவோ அதுதான் அவர்கள் பங்கு.

மற்ற வீட்டுக் குற்றத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் அவ்வளவு யோக்கியன் இல்லை. என் மனைவி நாகமுத்துவுக்குக் கிடைத்தது ஒன்பதாம் நம்பர். நாளுக்கு இரண்டு அவித்த முட்டை உள்ளே போனதை நான் கண்ணால் கண்டேன். "இதென்ன?" என்று கேட்டேன். "சும்மா இருங்கோ, போஸ்ட்மாஸ்டர் வீட்டு வாளி கடைக்காரர் வீட்டு வாளியிலும் பாக்க இளைச்சுப் போறதோ?" என்றாள். நானும் சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் ஞானசவுந்தரி எல்லாருடைய கையிலும் இரத்தம் எடுத்து, வாளிகளை அருளப்பு கொடுத்த ஐசுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். போகும்போது வாளிகள் நிறைந்து, மூடி சரியாகப் பொருந்தவில்லை.

ஆனி மாதம், சோளகக் காற்று மண்ணை வாரி அடிக்கிற ஒரு நாளில் அவள் திரும்பி வந்தாள். சனசமூக நிலையத்தில் பெண்களைக் கூட்டினாள். கையில் ஒரு கொப்பி. முகத்தில் நித்திரையில்லாத களை. தாள்கள் பறக்காமல் இருக்க நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டேன்.

"உங்களிலை பதினாறு பேருக்கு இரத்தம் காணாது" என்றாள். "ஆனா எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உங்கடை வாளியளைப் பாத்தால், இலங்கையிலையே நல்லாச் சாப்பிடுற ஊர் இதுதான். மீன், முட்டை, கீரை, நண்டு! எங்கடை வீட்டிலையும் இப்பிடிச் சாப்பிடுறேல்லை. வயித்திலை பூச்சி இருக்கோ எண்டும் பாத்தாச்சு, பெரிசா இல்லை. அப்ப இரத்தம் எங்கை போகுது?"

இருபது பெண்களும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பில் நூல் பிரித்தாள்.

"சாப்பாட்டிலை பிழை இல்லையெண்டால் உடம்புக்குள்ளை வேறை ஏதோ வருத்தம் இருக்கவேணும். எல்லாரிலும் மோசம் பதினேழாம் நம்பர். மனோகரிக்கு இரத்த அளவு ஏழரைதான் இருக்கு, பதினொண்டாவது இருக்கவேணும். இந்த நிலையிலை பிள்ளை பெத்தால் எனக்குப் பயமாயிருக்கு. வியாழக்கிழமை வான் கொண்டுவாறன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், இடுப்பெலும்பிலை ஊசி போட்டு உள்ளை இருக்கிற மச்சையை எடுத்துப் பாக்கவேணும்."

"எலும்புக்குள்ளையோ?" என்றா இலட்சுமியக்கா.

"ஓம் அம்மா. நோகும்தான். வேறை வழி தெரியேல்லை."

மனோகரி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

புதன்கிழமை பின்னேரம் நான் கந்தோரைப் பூட்டப் போகும் நேரம் அக்கா வந்தா. தபாலட்டை ஒன்று கேட்டா. கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றா.

"தம்பி, அந்தக் கடுதாசியை நீங்கள்தானே வாசிச்சனீங்கள். அதிலை பொய் சொல்லக்கூடாதெண்டு எழுதியிருந்ததோ?"

"இல்லையக்கா. அப்பிடி ஒருத்தரும் எழுதுறேல்லை."

"எழுதியிருக்கலாம்."

பிறகு, "உங்கடை வீட்டு வாளிக்கு என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டா.

"முட்டை" என்றேன்.

"எத்தினை?"

"நாளுக்கு ரண்டு."

"நாகமுத்து முட்டை தின்னிறவளோ?"

"எங்கடை வீட்டிலை கோழியே இல்லை, அக்கா. தங்கச்சி வீட்டிலை போய் வாங்கினவள்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடியுமுன்னே அழுகை வந்துவிட்டது. கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன்.

"அப்ப நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன் தம்பி. நீங்கள் படிச்ச ஆள், அரசாங்க உத்தியோகம். நீங்கள் சொன்னால் ஒரு மாதிரி. நான் சொன்னால், கடை எரிஞ்ச உடனை கடைக்காரர் வீட்டிலை சட்டியும் கவிண்டுபோச்சு எண்டு ஊர் கதைக்கும்."

"நான் சொன்னாலும் ஊர் கதைக்கும்."

"போஸ்ட்மாஸ்டர் முட்டைக் கள்ளன் எண்டு கதைக்கும். அது பறவாயில்லை."

நான் பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்று சொல்கிறவன் என்ன செய்வான் என்று அக்காவுக்குத் தெரியும். தபாலட்டையை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனா. அன்றைக்கு நான் என் மேல் கொண்ட வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே வான் வந்து படலையில் நின்றது. சாரதி முருகேசு பின்கதவைத் திறந்துவிட்டு வெத்திலை போட்டுக்கொண்டிருந்தார். மனோகரி தோய்த்து மடித்த சேலை உடுத்து வந்தாள். அவள் பின்னால் மார்க்கண்டு பையோடு வந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. வாளி வீட்டுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள், கரைப்பக்கத்து மீன்பிடிகாரர் வீட்டுப் பெண் மேரிஜோசப்பின் உட்பட. எல்லாருடைய முகத்திலும் ஒரே கள்ளம்.

"அம்மா வரேல்லையோ?" என்று ஞானசவுந்தரி கேட்டாள்.

அக்கா குசினிக்குள்ளிருந்து வந்தா. கையில் காலைச் சாப்பாட்டுச் சட்டி. அடியில் ஒடியல் பிட்டு, மேலே ஒரு உருண்டை செத்தல் மிளகாய்ச் சம்பல். நேரே வந்து அதை வானின் பின்தட்டில் டொக்டருக்கு முன்னால் வைத்தா.

"என்ன அம்மா இது?"

"பதினேழாம் நம்பர்."

ஞானசவுந்தரி சட்டியையும் அக்காவையும் பார்த்தாள்.

"இதுதான் பிள்ளை இவள் தின்னிறது. காலமை இது. மத்தியானம் சோறும் சொதியும், அதுவும் நாங்கள் திண்டு மிஞ்சினால். அண்டைக்கு விளைமீன் திண்டது இவள் இல்லை. உங்கடை வாளி. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சுப்போட்டன். வீட்டுக்கு வந்த சாமானுக்கு ஒடியல் பிட்டுப் போட எனக்குக் கை வரேல்லை. கடை எரிஞ்சுபோச்சு, அந்தப் பேராவது இருக்கட்டும் எண்டு நினைச்சன். அதுக்காக இவளின்ரை எலும்பிலை ஊசி குத்த விடமாட்டன். குத்துறதெண்டால் எனக்குக் குத்துங்கோ."

முருகேசு வெத்திலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சரி, இப்போதாவது வாயைத் திற என்று நான் எனக்கே சொன்னேன். திறக்குமுன் நாகமுத்து முந்திவிட்டாள்.

"டொக்டர் பிள்ளை, ஒன்பதாம் நம்பர் முட்டை எங்கடை இல்லை. இரவல் முட்டை."

"அஞ்சாம் நம்பர்க் கணவாயும் அப்பிடித்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேரிஜோசப்பின் முன்னுக்கு வந்தாள். "எங்களுக்கு மீனுக்குக் குறைவில்லை, டொக்டர். ஆனா மீன்பிடிகாரர் வீட்டு வாளிக்கும் மீன்தானோ எண்டு கேப்பினம் எண்டு ஆட்டிறைச்சி போட்டனாங்கள். போன நத்தார்ப் பெருநாளுக்குப் பிறகு எங்கடை வீட்டிலை இறைச்சி காய்ச்சினது அந்த வாளிக்குத்தான்."

ஞானசவுந்தரி வானின் படியில் இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அந்தப் பிள்ளையை அழவைத்துவிட்டோமே என்று பெண்கள் பதறிப் பக்கத்தில் ஓடினார்கள். கையை எடுத்தால், அவள் சிரிக்கிறாள்.

"ரண்டு மாசம்!" என்றாள். "ரண்டு மாசம் இரவு பகலா நான் ஆராய்ச்சி செய்தது உங்கடை விருந்தோம்பலை!"

பிறகு திடீரென்று அவளுக்குக் கோபம் வந்தது. எழும்பி நின்றாள்.

"உங்களுக்கு விசரோ? ஒரு பிள்ளைத்தாச்சிக்கு எலும்பிலை ஊசி போட இருந்தனான். நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறியள். இந்த அம்மா வாய் திறக்காட்டில் இண்டைக்குப் போயிருப்பம். உங்களிலை ஒருத்தருக்கும் இரக்கமில்லையோ?"

எங்களுக்கு அது வேண்டியதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேசி முடித்துவிட்டு அவள் சட்டியை இழுத்து, ஒரு பிடி பிட்டை எடுத்துச் சம்பலில் தோய்த்து வாயில் போட்டாள்.

"ஐயோ பிள்ளை, வேண்டாம், நான் வேறை ஏதும்" என்று அக்கா பாய்ந்தா.

"விடுங்கோ அம்மா. ரண்டு மாசமாப் பதினேழாம் நம்பரைத் தேடினனான்" என்று அவள் இரண்டாம் பிடியையும் எடுத்தாள். சம்பல் உறைத்துக் கண் கலங்கியது. "தண்ணி, தண்ணி!"

மனோகரி உள்ளே போய்க் கொண்டுவந்தது தேத்தண்ணி. சாயம் கடுத்த வெறுந்தேத்தண்ணி, கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. ஞானசவுந்தரி அதை வாயில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"தண்ணிதானே கேட்டனான்?"

"இஞ்சத்தைத் தண்ணி உப்பு, வாயிலை வைக்க ஏலாது" என்றாள் மனோகரி. "நாங்கள் தேத்தண்ணிதான் குடிக்கிறனாங்கள்."

"சாப்பாட்டோடையோ?"

"சாப்பாட்டோடையும்தான். தோட்டத்தாலை வந்தால், வேலியடியிலை கதைச்சால், எல்லாத்துக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

மனோகரி விரல் மடித்தாள். "ஒன்பது, பத்து."

"இதை ஏன் வாளிக்குள்ளை ஊத்தேல்லை?"

"தேத்தண்ணி சாப்பாடில்லையே" என்றார்கள் நாலைந்து பேர் ஒன்றாக.

"பிலோமினம்மா தாற மாத்திரையை எதோடை விழுங்கிறனீர்?"

"தேத்தண்ணியோடைதான், டொக்டர்."

ஞானசவுந்தரி தேத்தண்ணிக் கோப்பையை வானின் தட்டில் மெதுவாக வைத்தாள். "தேயிலைச் சாயம் இரும்பைப் பிடிச்சு வைச்சிருக்கும். உடம்புக்குள்ளை ஊற விடாது" என்றாள். "மாத்திரை குடுத்தும் ஏன் ஏறேல்லை எண்டு நாங்கள் மண்டையை உடைச்சனாங்கள். அது வாளிக்குள்ளை இல்லை. வாளிக்கு வெளியிலை, உங்கடை கோப்பைக்குள்ளை இருந்திருக்கு. முருகேசண்ணை, வானை நிப்பாட்டுங்கோ. நாங்கள் இண்டைக்குப் போகேல்லை."

முருகேசு வான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறது என்றார். அப்போதுதான் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். மார்க்கண்டு பையைப் போட்டுவிட்டு வேலியோரம் குந்தி இருந்து அழுதான். அவனை யாரும் பகிடி பண்ணவில்லை.

மறுகிழமை வாளிகள் திரும்பி வந்தன, இந்த முறை ஒவ்வொரு வாளிக்கும் துணையாகத் தேத்தண்ணிக்கு ஒரு போத்தல். பின்னேரம் பார்த்தால் வாளியில் கால்வாசி, போத்தல் நிறைந்து வழிந்தது. ஊர் முழுக்க அதே கணக்கு. மாத்திரை ஒழுங்காக விழுங்கினவர்களுக்கும் இரத்தம் ஏறாததன் காரணம் அதிலே தெளிவாகத் தெரிந்தது. எங்கள் உப்புக் கிணறுகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் அறிக்கை எழுதினார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன வேலை. மார்க்கண்டு விடியப் புறப்பட்டு ஒரு மைல் தள்ளியிருக்கிற நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து சைக்கிளில் இரண்டு கான் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தான். மாத்திரை தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணியோடு இறங்கியது. தேத்தண்ணி சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் தள்ளிப் போனது. ஊரில் அந்த முதல் கிழமை இருந்த தலையிடியையும் சண்டையையும் என்னால் எழுத ஏலாது. "விளைமீன் வேண்டாம் அம்மா, சூடைமீன் காணும், அதிலை எல்லாம் இருக்கு" என்று ஞானசவுந்தரி சொல்லிவிட்டாள். சூடை என்றால் எங்கள் பக்கம், மலிந்த மீன் என்று வெட்கப்பட்டு வேலிக்குப் பின்னால் ஒளித்து வாங்குகிற மீன். அருளப்பு இப்போது நடு ஒழுங்கையில் நின்று, "டொக்டர் மீன், டொக்டர் மீன்!" என்று கூவினான். பிலோமினம்மா வீடு வீடாகப் போய் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, விழுங்கும்வரைக்கும் முன்னால் நின்று பார்த்தா.

ஆவணியில் மனோகரிக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்தது. பெரியாஸ்பத்திரியில் சுகப்பிரசவம். தந்தி என் கந்தோருக்குத்தான் வந்தது. நான் சட்டைகூடப் போடாமல் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். அக்கா அப்படியே நிலத்தில் இருந்து நாகம்மாள் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டா. மார்க்கண்டு அடுத்த நாளே அந்த வேலியைத் திரும்ப அடைத்துத் தந்தான்.

ஐப்பசி மாதம் வாளிகள் கடைசித் தடவையாக வந்தன. மூன்றாம் நாள் பின்னேரம் ஞானசவுந்தரி பதினேழாம் நம்பரை எடுக்க வந்தபோது நானும் படலையடியில் நின்றேன். மழைக்குணம். ஏணையில் பிள்ளை நித்திரை. அவள் வாளியின் மூடியைத் திறந்தாள். திறந்தவள் முகம் மாறிப்போனது. உள்ளே மூன்று சூடைமீன் பொரியல், ஒரு கரண்டி முருங்கையிலை வறை, குத்தரிசிச் சோறு, பாதித் தேசிக்காய்.

"அம்மா" என்றாள் தயங்கித் தயங்கி. "உண்மையைச் சொல்லுங்கோ. இது மனோகரி திண்டதோ, இல்லை, பேந்தும் வாளிக்கோ?"

"என்னோடை வா பிள்ளை" என்று அக்கா அவள் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனா. நானும் எட்டிப் பார்த்தேன்.

பலகையில் மனோகரி இருந்தாள். அவள் முன்னால், எப்போதும் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற பூப்போட்ட பீங்கான் கோப்பை. கொழும்பிலிருந்து அந்தக் காலம் அக்காவின் புருஷன் கொண்டுவந்தது. அந்த வீட்டில் கல்யாணத்துக்கு வந்த சம்பந்திக்கும், இன்ஸ்பெக்டருக்கும், ஒரு தரம் எனக்கும் அதில் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். மருமகளுக்குப் போட்டதை நான் கண்டதில்லை. அடுப்படியில் மார்க்கண்டின் சாப்பாட்டுக் கோப்பை கழுவி வெறுமையாகக் கவிழ்த்துக் கிடந்தது. அவன் இன்னும் சாப்பிடவில்லை.

"ஆர் வருகினமெண்டு இந்தக் கோப்பையை எடுத்தனீங்கள் எண்டு இவளும் கேட்டவள்" என்றா அக்கா. "விருந்தாள் வந்து மூண்டு வருஷத்துக்கு மேலையாச்சு, நான்தான் காணேல்லை எண்டு சொன்னன். எண்ணிப் பார் பிள்ளை."

ஞானசவுந்தரி குனிந்தாள். பூப்போட்ட பீங்கானின் ஓரத்தில், தலையோடு வரிசையாக, மூன்று மீன் முள் கிடந்தன.